பசை வழக்கு

ஜூலை 1

கடவுள் துணை

மதிப்பிற்குரிய ஆறாம் வகுப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் இரட்டைப் பின்னல்காரியின் தாய். இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதோடு சரி. இப்போது எழுத வைத்துவிட்டீர்கள்.

நேற்று சாயங்காலம் அவளுடைய சீருடையைத் துவைக்கப் போடுமுன் வழக்கம்போல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். மிட்டாய்த் தாள் இருக்கும், பென்சில் சீவிய தூள் இருக்கும். நேற்று நாலாய் மடித்த ஒரு காகிதம் இருந்தது. மேலே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் ‘அழைப்பாணை’. கீழே இப்படி:

‘வாதி: மகள். பிரதிவாதி: அம்மா. குற்றம்: வாதியின் ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் பிரதிவாதியே செய்துவிடுவது, வாதியைப் பசை தொடவிடாதது. பிரதிவாதி வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்.’

அதற்கும் கீழே உங்கள் கையெழுத்து!

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “வக்கீல் யாராவது பாக்கணுமா?” என்று கேட்டார். பிறகு மறுபடி தாளை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் சிரித்தார். தாள் ஆடியதை வைத்துச் சொல்கிறேன். வழக்குப் போட்டவளோ ஒன்றுமே நடக்காதவள் போல் என் கையாலேயே இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐயா, பெற்ற தாயைக் கோர்ட்டுக்கு இழுப்பது எந்தப் பாடத்தில் வருகிறது? அவளுடைய புத்தகங்கள் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து நான் படித்திருக்கிறேன். ஒன்றிலும் இல்லை. அவள் படுக்கப் போன பிறகு, ஆண்டவனை வேண்டிக்கொண்டு, முதுகு ஒடிய உட்கார்ந்து ஒட்டியவள் நான். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் பிரதிவாதி.

இந்த வாரத்துக்குள் தக்க பதில் வராவிட்டால் தலைமையாசிரியை அம்மாவுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவியின் தாய்

பின்குறிப்பு: கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். எரிமலைக்கு ஒன்பது போட்டிருந்தீர்கள். புகை வந்தது, குழம்பு வழிந்தது, அடிவாரத்தில் ஓடுகிற ஜனங்களைக்கூட வைத்திருந்தேன். எனக்கு ஒரு மதிப்பெண் எதற்காகக் குறைந்தது?


ஜூலை 2

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைத் திறக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தீர்கள்.

முதலில் மன்னிப்பு. அழைப்பாணையை உங்கள் மகள் நேரில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கத் தைரியம் வராமல் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். ‘பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்’ என்பது எழுத்தர் வேலை பார்க்கும் பையன் தானாகச் சேர்த்தது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.

இந்த நீதிமன்றம் இந்த வருடத்துச் செயல்திட்டம். மனு எழுதுவது, ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருப்பது, இரண்டு பக்கமும் கேட்பது, இவையெல்லாம் பாடமாகச் சொன்னால் என் வகுப்பில் ஏறாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் கோர்ட்டு. ஒரே விதி, வழக்கு உண்மையானதாக இருக்க வேண்டும். இதுவரை ஒரு அழிப்பான் திருட்டு, ஒரு பட்டப்பெயர் வழக்கு. மூன்றாவது, தலைமையாசிரியை மீதே போட்டது. இடைவேளை மணியைச் சீக்கிரம் அடித்துவிடுகிறாராம். அதிலிருந்து அவர் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. உங்களிடமிருந்தும் ஒரு புகார் போனால் கோர்ட்டைப் பூட்டிவிடுவார். பிள்ளைகள் பாவம், அம்மா. நேரில் வர முடியாவிட்டால் எழுத்துமூலம் பதில் தந்தாலும் போதும்.

எரிமலை விஷயம். பார்வைக்குப் பத்துதான். “உள்ளே என்னம்மா நடக்குது, ஏன் பொங்குது?” என்று உங்கள் மகளிடம் கேட்டேன். “அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் சார்” என்றாள். அங்கே போனது அந்த ஒன்று.

பணிவுடன்,
வகுப்பாசிரியர்


ஜூலை 3

கடவுள் துணை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் எழுத்துமூலப் பதிலைக் கோர்ட்டில் சத்தமாகப் படிக்கவும்.

ஒன்று, அவளைப் பசை தொடவிடவில்லை என்பது பொய். போன வருடம் தொட்டாள். பசை அவள் பின்னலில், பின்னல் நாற்காலியில், நாற்காலி அவளோடு எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டது. கத்தரித்தது நான். பள்ளிக்கூடத்துப் புகைப்படத்தில் ஒரு பின்னல் குட்டையாக இருப்பதன் காரணம் அதுதான்.

இரண்டு, சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் காற்று பிறக்கிறது, அது வெளியே வர இடம் தேடிப் பொங்குகிறது. இதைச் சொல்லத் தெரியாதா எனக்கு? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி எழுதுவதைக் கோர்ட்டில் படிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும்.

அடுத்த மாதம் எல்லாப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு அவள் பேரைக் கொடுத்திருக்கிறீர்கள். ‘குழாய்க்குத் தண்ணீர் எப்படி வருகிறது’ என்பது தலைப்பு. நான் அட்டை, கம்பி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். தொட்டிக்கு என்ன நிறம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். நேற்று ராத்திரி அவள் வந்து அட்டையை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “இதை நான்தான் பண்ணுவேன். நீ தொடக்கூடாது. கண்காட்சிக்கும் நீ வரக்கூடாது” என்றாள்.

“ஏன்டி?”

“நீ வந்தா அங்க நின்னுக்கிட்டே சரிபண்ணுவ.”

பெற்றவளை வராதே என்கிறாள், ஐயா. அவளாகச் செய்தால் அது ஒழுகும். அத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் ஒழுகும். கைகொட்டிச் சிரிப்பார்கள். அப்போது பக்கத்தில் நான்கூட இல்லாமல் அவள் நிற்க வேண்டுமா? இதைத் தடுக்க உங்களால் முடியுமானால் உங்கள் கோர்ட்டு நன்றாக இருக்கட்டும், நான் யாருக்கும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை வர இயலாது. நான் பள்ளிக்கூடத்து வாசலோடு நிற்பவள்.

இப்படிக்கு,
அதே தாய்


ஜூலை 7

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்க வேண்டும்.

நீதிபதியாக இருந்தவன் உங்கள் மாடி வீட்டுப் பையன். இருமி இருமிப் பேசுவதால் வகுப்பில் அவனுக்குத் ‘தாத்தா’ என்று பெயர். வாதி தரப்பு வக்கீல், வாய் ஓயாத ஒரு பெண், ‘ரேடியோ’ என்பார்கள். உங்கள் பதிலைப் படித்தேன். நாற்காலி எழுந்து வந்த இடத்தில் கோர்ட்டே சிரித்தது. உங்கள் மகளும் சிரித்தாள். உங்களுக்குச் சாதகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ரேடியோ எழுந்தாள். “கனம் நீதிபதி அவர்களே, எரிமலையைத் தலைகீழா கவுத்துக் காட்ட அனுமதி வேணும்.”

“கவுத்துக்கோ. கொட்டுச்சுன்னா நீதான் தொடைக்கணும்.”

கவிழ்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ‘கடவுள் துணை’.

“இது ஆறாம் கிளாஸ் எழுத்தா? பாருங்க, எவ்வளவு நேர்கோடா இருக்கு! நம்ம கிளாஸ்ல யாருக்கு இப்படி வரும்?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு நிறுத்தத் தெரியாது. அலமாரியில் இருந்த தையற்காரர் மகளின் காதைக் கவிழ்த்தாள். கடவுள் துணை. இரட்டைப் பிள்ளைகளின் இதயத்தைக் கவிழ்த்தாள். கடவுள் துணை. பிறகு நீதிபதியின் மேசையருகே போனாள். அங்கே, பத்துக்குப் பத்து வாங்கிய அவருடைய காற்றாலை.

“கனம் நீதிபதி அவர்களே, உங்களோடதையும் கவுக்கணும்.”

“அது... அது இன்னும் காயல.”

“போன மாசமே காஞ்சிருச்சு.”

கவிழ்த்தாள். அங்கேயும் அதே எழுத்து. நீதிபதி இருமிக்கொண்டே நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். பிரதிவாதி தரப்பு வக்கீல், அதாவது தையற்காரர் மகள், அழுதுவிட்டாள். கோர்ட்டு கலைந்தது.

நான் இந்த மாதிரிகளை எப்போதும் மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

அம்மா, மறைக்காமல் சொல்லுங்கள். என் வகுப்பில் மொத்தம் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்தீர்கள்?

வகுப்பாசிரியர்


ஜூலை 8

கடவுள் துணை

தம்பி (சார் என்று எழுத வந்தேன், கை இப்படி எழுதிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்),

காற்றாலைக்குப் பத்தா? அதைச் செய்ய எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆனது. எரிமலைக்கு ஒரு வாரம் காகிதம் ஊறவைத்து அரைத்தேன். ஒரே கை செய்த இரண்டில் அவசர வேலைக்குப் பத்து, உயிரைக் கொடுத்ததற்கு ஒன்பதா? மதிப்பெண் வந்த அன்றைக்கு என் மகள் ஏன் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எதையும் குறித்து வைப்பது என் வழக்கம். காற்றாலை, காது, இதயம், தேன்கூடு, தவளையின் வாழ்க்கை, இவ்வளவும் நான்தான். தவளை யாருடையது என்று சொல்லமாட்டேன், அவன் அப்பா முன்கோபக்காரர். நானாகப் போய்க் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்று, “ஆன்ட்டி, நாளைக்குக் கடைசி நாள்” என்று மூக்கை உறிஞ்சினால் நான் என்ன செய்ய? ஆனால் ஒவ்வொன்றையும் வேறுவேறு தினுசாகச் செய்தேன். காதைக் கொஞ்சம் கோணலாகவே ஒட்டினேன், அந்தப் பெண் செய்தது போல் இருக்கட்டும் என்று. அதில் ஒரு திருட்டுப் புத்தி இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனேன். பிறகு எழுதப் படிக்க எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது, பொட்டலம் கட்டிவந்த காகிதம்கூட விடமாட்டேன். என் மகள் ஐந்து முடிக்கிற வரை அவள் படித்ததெல்லாம் எனக்குத் தெரிந்ததே. இந்த ஜூன் மாதம் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் வந்தன. பிரித்தேன். காதுக்குள் நத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாமே! இத்தனை வருடம் இரண்டு காதோடு நடமாடியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே தையற்காரர் மகள் வந்து, காது செய்ய வேண்டும் என்றாள். நான் எப்படி இல்லையென்று சொல்வேன்?

அவ்வளவுதான் என் பக்கத்து நியாயம். கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டாம்.

மாணவியின் தாய்


ஜூலை 9

அம்மா அவர்களுக்கு,

தம்பி என்றே எழுதுங்கள். என் அக்கா திட்டும்போது மட்டும்தான் எனக்குக் கடிதம் எழுதுவாள், அதனால் பழக்கம்தான்.

நேற்று புது நீதிபதியைத் தேடினோம். நீங்கள் எதுவும் செய்துகொடுக்காத பிள்ளையாக இருக்க வேண்டும் என்றேன். வகுப்பு முழுக்க ஒருவனையே திரும்பிப் பார்த்தது. கடைசிப் பெஞ்சுக்காரன், ‘கோந்து’. எப்போதும் கையில் ஏதாவது ஒட்டியிருக்கும். எல்லா ப்ராஜெக்டும் அவனே செய்வான். எல்லாவற்றுக்கும் நான் மூன்றோ நாலோ போட்டிருக்கிறேன். பதவி ஏற்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், நீதிபதி ஆயிட்டா சாரையும் விசாரிக்கலாமா?” என்று கேட்டான். விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாருங்கள், அம்மா. உங்கள் மகள் மேல் உங்களுக்கு வருத்தம் இருந்தால் அவள் சொல்லவருவதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாததால்தான் மனு போட்டிருக்கிறாள். வாசலோடு நிற்க வேண்டாம், நான் வந்து அழைத்துப்போகிறேன்.

வகுப்பாசிரியர்


ஜூலை 14

அம்மா அவர்களுக்கு,

உங்கள் குடையை இத்துடன் உங்கள் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் எழுந்து போன வேகத்தில் பெஞ்சிலேயே விட்டுவிட்டீர்கள். பின்னாலேயே ஓடிவந்தேன், அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டீர்கள்.

நீங்கள் வந்ததற்கு நன்றி. பிள்ளைகள் மொத்தமாக எழுந்து வணக்கம் சொன்னபோது நீங்களும் எழுந்து நின்றதை, உட்காரச் சொல்லும் வரை உட்காராததை நான் பார்த்தேன். கோந்து உங்களிடம், “ஆன்ட்டி, எரிமலை பண்ணும்போது ஜாலியா இருந்துச்சா?” என்று கேட்டதற்கு, “ரொம்ப” என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். எழுத்தர் அதை அப்படியே ‘திருடுபோன பொருள்: ஜாலி’ என்று பதிவு செய்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் மகளின் சாட்சி. “எனக்கு ஒன்பது வந்தா அம்மா சிரிப்பாங்க. மூணு வந்தா சிரிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. மூணு வாங்குற மாதிரி அம்மா எதுவுமே பண்ணினதில்ல.” அந்த இடத்தில்தான் நீங்கள் எழுந்தீர்கள். நீங்கள் கோபித்துக்கொண்டு போனதாக அவள் நினைத்தாள். அப்படி இல்லை, கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று தாத்தா சமாதானம் சொன்னான்.

நீங்கள் கேட்காத தீர்ப்பு இதோ. கோந்து எழுதியது, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

‘ஆன்ட்டி குற்றவாளிதான். ஆனால் நல்லவங்க. இனிமேல் அவள் ப்ராஜெக்ட் பண்ணும்போது ஆன்ட்டி அதே ரூமில் உட்கார வேண்டும், வேறு ரூமுக்குப் போகக்கூடாது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் மட்டும் பேச வேண்டும். ஆன்ட்டிக்கு ப்ராஜெக்ட் பண்ண ஆசையாக இருந்தால் வெள்ளிக்கிழமை நம்ம கிளாசுக்கு வந்து தன் பேரில் பண்ணலாம். என் பெஞ்சில் இடம் இருக்கிறது. சாரும் குற்றவாளி. ஆன்ட்டி செய்ததுக்குப் பத்தும் நான் செய்ததுக்கு மூணும் போட்டார். அதனால் சாரும் ஒரு ப்ராஜெக்ட் பண்ண வேண்டும். மார்க் நான் போடுவேன்.’

எனக்கு மேல்முறையீடு செய்ய இடமில்லை. தீப்பெட்டிக் குச்சியில் பாலம் கட்டலாம் என்றிருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வகுப்பாசிரியர்


ஜூலை 21

கடவுள் துணை

தம்பிக்கு,

குடை கிடைத்தது. ஒரு வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அவள் சொன்ன மூன்று மதிப்பெண்தான் நினைவுக்கு வந்தது. கண்ணில் தூசிதான் விழுந்தது என்று தாத்தாவிடம் சொல்லவும்.

தண்டனையை ஏற்றுக்கொண்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை நிறைவேற்றினேன். அவள் கூடத்தில் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நாற்காலியில். இரண்டு கையும் தொடைக்கு அடியில். என் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு வந்து, “ஜெயில்ல இருக்கிறவங்களைப் பாக்க நேரம் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பி, அந்தக் கொடுமையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அட்டையை மடிக்கத் தெரியாமல் மடித்தாள். மடித்ததைப் பிரித்து எதிர்ப்பக்கம் மடித்தாள். ஒரு சொட்டுப் பசை போதும் என்கிற இடத்தில் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஜெபம் சொல்லிப் பார்த்தேன், வாய் ஜெபத்தில் இருந்தது, கண் பசையில் இருந்தது. ஆண்டவன் மன்னிப்பார். கை இரண்டும் மரத்துப்போய் எறும்பு ஓடியது. நல்லதாகப் போயிற்று, மரத்த கையால் எதையும் பிடுங்க முடியாது.

வெட்டிய பாட்டில் தொட்டி, ஸ்ட்ராக்கள் குழாய், அட்டைப் பெட்டி வீடு. தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வீட்டுக்குப் போகவில்லை, என் வீட்டுக்காரர் மடிக்குப் போனது. அவர் செய்தித்தாளைப் பிழிந்துகொண்டே, “எனக்குத் தண்ணி வந்துருச்சு, வரி கட்டிடுறேன்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஓட்டையை அடைத்தாள். மறுபடி ஊற்றினாள். பாதிக் குழாய் வரைக்கும் வந்து தண்ணீர் நின்றுவிட்டது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இது ஏன் மேல ஏற மாட்டேங்குது?”

கேட்டாள் அல்லவா, இனிப் பேசலாம். வாயைத் திறந்தேன். தம்பி, எனக்குத் தெரியவில்லை. பாடத்தில் படம்தான் இருந்தது, ஏன் என்று இல்லை. “தெரியலடி” என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அவள் இன்னும் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றாள். வீட்டுக்குள் வைத்த கிண்ணத்தில் சொட்டுச்சொட்டாக விழுந்தது.

“வந்துருச்சும்மா! உயரத்துல இருக்கணும்! அதான் மொட்டை மாடியில வைக்கிறாங்க!”

நாங்கள் மூன்று பேரும் வெளியே ஓடிப்போய் எங்கள் மொட்டை மாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டுக்காரி என்ன என்று கேட்டாள். என்னவென்று சொல்வது?

கண்காட்சிக்கு வரச் சொல்லி அவள் இன்னும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்பது தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கோந்துவிடம் பெஞ்சைக் கொஞ்சம் துடைத்து வைக்கச் சொல்லவும்.

மாணவியின் தாய்


ஆகஸ்ட் 11

கடைசிப் பெஞ்சு மாணவி அவர்களுக்கு,

முதல் மதிப்பெண் வந்துவிட்டதால் முறைப்படி எழுதுகிறேன். மதிப்பெண் போட்டது நான் இல்லை, வகுப்பு.

உங்கள் நிழல் கடிகாரத்துக்கு ஆறு. வெள்ளிக்கிழமை பார்த்து வானம் மூடிக்கொண்டது உங்கள் தவறு இல்லை. ஆனால் ரேடியோ, “மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?” என்று கேட்டபோது, “மேகத்தைத் திட்டுவேன்” என்றீர்கள். அதற்கு ஒன்று குறைத்தார்கள். “ராத்திரி?” என்றதற்கு, “ராத்திரி எதுக்கு மணி? தூங்க வேண்டியதுதானே” என்றீர்கள். அதற்கு வகுப்பே சிரித்தது, ஆனாலும் ஒன்று குறைத்தார்கள். மிச்சம் இரண்டு, நடுக்குச்சி சாய்ந்திருந்ததற்கு. அது வேண்டுமென்றே சாய்த்தது, அப்படித்தான் சாய வேண்டும் என்று நீங்கள் மேசையைத் தட்டிச் சொன்னது எனக்குச் சரியென்றே தோன்றுகிறது. மனு போடுங்கள். வெள்ளிக்கிழமை விசாரிப்போம்.

உங்கள் மகள் உங்களுக்கு எத்தனை போட்டாள் என்று நீங்கள் கேட்கக்கூடாது, நான் சொல்லவும் கூடாது. “அம்மா தோத்தாலும் நல்லாத்தான் இருக்காங்க” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

என் பாலத்துக்கு இரண்டு. கரும்பலகைத் துடைப்பானை மேலே வைத்ததும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. “ஒண்ணு பாலத்துக்கு, ஒண்ணு சார் அழாம நின்னதுக்கு” என்றான் கோந்து. அன்றிலிருந்து அவனுடைய பழைய ப்ராஜெக்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் செய்த தராசு எடை சரியாகக் காட்டுகிறது. அசிங்கமாக இருந்ததால் அன்று நான் அதில் எதையும் வைத்தே பார்க்கவில்லை.

தலைமையாசிரியை அம்மா மணி வழக்குக்கு நேரில் வந்திருந்தாரே, வழக்கில் தோற்றுவிட்டு என்னிடம், “இது எந்த நாளும் இருக்கட்டும். ஆனா என்னை இன்னொரு தடவை கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கோர்ட்டு பிழைத்தது.

ஒரு புகார். போன வெள்ளிக்கிழமை நான் கரும்பலகையில் எழுதத் திரும்பியபோது நீங்கள் கோந்துவின் பம்பரத்தை எடுத்து நகத்தால் சுரண்டிச் சரிசெய்ததைப் பார்த்தேன். இரண்டாவது தடவை பிடிபட்டால் முதல் பெஞ்சுக்கு மாற்றிவிடுவேன்.

வகுப்பாசிரியர்


ஆகஸ்ட் 20

கடவுள் துணை

அனுப்புநர்: ஆறாம் வகுப்பு மாணவி (வெள்ளிக்கிழமை மட்டும்), கடைசிப் பெஞ்சு
பெறுநர்: வகுப்பாசிரியர் அவர்கள், ஆறாம் வகுப்பு
பொருள்: ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது என் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

“அம்மா, வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இருக்கா?”

“கிளாஸ் இருக்குடி. மனு விசாரணை.”

“லீவு போட முடியுமா?”

“எதுக்கு?”

“கண்காட்சிக்குக் கொண்டுபோகணும். நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும், இல்லைன்னா குழாய் கழண்டுரும். வீட்டுக் கதவு, பஸ், அங்க ஹால் கதவு... திறந்துவிட ஆள் வேணும்.”

“அப்பாவைக் கூப்பிடலாமே.”

“அப்பா ஜோக் அடிப்பார். நீ வா.”

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமை கதவு திறக்கும் பணிக்காக எனக்கு ஒரு நாள் விடுப்பு தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாதிரி இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது என்று யார் கேட்டாலும் அவளே சொல்வாள். நான் கதவருகே நிற்பேன். நிழல் கடிகார மனுவை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கவும். கைவிட்டுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் குச்சி சாய்ந்துதான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து: என் மகள் போட்டிருக்கிறாள்.

குறிப்பு: இந்த விண்ணப்பத்தை நானே எழுதினேன். அவள் திருத்தித் தருகிறேன் என்றாள். பேனாவைக் கொடுக்கவில்லை.